மண் வாரித் தூற்றினால் பலிக்குமா?

திருகோணமலை மாவட்டத்தின் கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து 34 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றிவிட்டு, சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

2022 தைப்பொங்கல் கழிந்து சில நாட்களில், கணவரின் அக்கா படலையடியில் வந்து நின்று, கூந்தலை அவிழ்த்துவிட்டு, மூன்று தரம் மண்ணை வாரித் தூற்றியிருக்கிறார். “இந்த வளவில விளக்கெரியாது. உன்ர வயித்தில ஒரு புழுபூச்சி தங்காது” என்பது அவர் சொன்ன சொல். காரணம், காலஞ்சென்ற மாமியாருக்குச் சீதனமாக வந்த வளவை மாமனார் முழுவதுமாக மகன் பெயருக்கு உறுதி எழுதியது. அக்கா கணவனை இழந்தவர், வாடகை வீட்டில் இருப்பவர்.

அந்த வருட நடுப்பகுதியில் கணவரின் கடை பூட்டப்பட்டது. மீன்பிடி வலையும் படகு இயந்திரங்களின் உதிரிப்பாகங்களும் விற்ற கடை அது. 2023 இலும் 2024 இலும் இரண்டு கர்ப்பங்கள் ஒன்பதாம், பத்தாம் வாரங்களில் கலைந்தன. 2024 மார்கழி மழையில் கணவர் தெருவில் படுத்திருந்த மாட்டில் மோதி, மோட்டார் சைக்கிளோடு விழுந்து கால் முறிந்தார். 2025 இல் 71 வயது மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது.

பிறகுதான் மாந்திரீகர் ஒருவரிடம் போயிருக்கிறார்கள். அவர் வளவின் மூலையில் தோண்டி ஒரு செப்புத் தகட்டை எடுத்துக் காட்டி 185,000 ரூபா வாங்கினார். இப்போது “41 நாளுக்குள் முழுக் கழிப்புக் கழிக்காவிட்டால் அடுத்தது பெண்பிள்ளை” என்று 300,000 கேட்கிறார். மாமனார் 21 நாள் விரதம் இருக்கவேண்டும், அதுவரை ஆஸ்பத்திரி மருந்து கூடாது என்கிறார். பௌர்ணமி இரவுப் பூசைக்குச் சகோதரி தனியே வரவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். சகோதரிக்கு நித்திரை இல்லை. விடியப்புறம் மூன்று மணிக்கு “நெஞ்சில ஆரோ ஏறி இருந்து அமுக்கின மாதிரி” இருக்கிறது. எட்டு வயது மகள் திரும்பவும் பாயில் சலம் விடத் தொடங்கியிருக்கிறாள். கடிதத்தின் கடைசியில், “நான் இல்லாமல் போனால் சாபம் என்னோட முடியுமோ” என்று ஒரு வரி இருக்கிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கே முதலில் பதில் சொல்கிறேன். நீங்கள் இல்லாமல் போனால் எதுவும் முடியாது. உங்கள் மகளுக்குத் தாய் இல்லாமல் போகும், அவ்வளவுதான். பல மாதங்களாக நித்திரையில்லாத மூளைக்கு இப்படியான எண்ணம் வரும். அது உங்கள் குணமல்ல, களைப்பின் அறிகுறி. இந்த எண்ணம் மீண்டும் வந்தால், எந்த நேரமாக இருந்தாலும் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள், தமிழில் கதைக்கலாம். கணவரிடமும் இந்த வரியை இன்றே வாசித்துக் காட்டுங்கள்.

இன்றே செய்யவேண்டிய இன்னொன்று மாமனாரின் மாத்திரை. பக்கவாதம் வந்தவர் பிரஷர் மாத்திரையையும் இரத்தக்கட்டி வராமல் தடுக்கும் மாத்திரையையும் திடீரென நிறுத்துவது இரண்டாவது தாக்கத்துக்கு வழிவிடும். எத்தனை நாள் நிறுத்தினார் என்பதைக் குறித்துக்கொண்டு, கிளினிக் கொப்பியோடு நாளைக் காலையே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டும். தேசிக்காய் வெட்டிப் பார்க்கும் நேரத்தில் அந்த நேரம் போய்விடக் கூடாது.

இனி உங்கள் கேள்வி. சாபம் பலிக்குமா?

ஒருவரின் வாயிலிருந்து வந்த சொல், மதிலைத் தாண்டிப் போய் இன்னொருவரின் கருவைக் கலைக்காது, மாட்டைத் தெருவில் படுக்க வைக்காது, மூளையின் நாளத்தை அடைக்காது. இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறேன். கேரளத்தில் பிறந்து இலங்கையில் ஆசிரியராக வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத சூழலில் அமானுஷ்ய சக்தியை நிரூபிப்பவருக்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாக 1963 இல் அறிவித்தார். அந்தக் காலத்தில் அது ஒரு வீடு வளவு வாங்கும் காசு. 1978 இல் அவர் இறக்கும்வரை யாரும் அதை வெல்லவில்லை. மட்டக்களப்புக்குப் போனால் மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று நாடெல்லாம் சொல்லும் கிழக்கு மாகாணமும் இருக்கிற தீவில்தான் இது நடந்தது.

ஆனால் சாபத்தைப் பற்றிய பயம் உடம்பில் வேலை செய்யும். அது உண்மை. வோல்ற்றர் கனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர், சூனியம் வைக்கப்பட்டதாக நம்பியவர்கள் நோயில் விழுவதையும் சாவதையும் பற்றி 1942 இல் எழுதினார். ஓயாத பயத்தில் அட்ரினலின் சுரந்துகொண்டே இருப்பதும், உணவும் நீரும் எடுக்காமல் விடுவதும், சுற்றியிருப்பவர்களும் ‘இவர் முடிந்தார்’ என்று கைவிடுவதும் சேர்ந்தே ஆளைச் சாய்க்கின்றன என்பது அவர் விளக்கம். நம் காலத்துக்கு வந்தால், கொலஸ்ரரோல் மாத்திரையால் உடம்பு உளைகிறது என்று அதை நிறுத்திய 60 பேரை வைத்து 2020 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சில மாதம் உண்மை மாத்திரை, சில மாதம் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, சில மாதம் எதுவுமில்லை. எந்த மாதம் எந்த மாத்திரை என்று அவர்களுக்குத் தெரியாது. உண்மை மாத்திரையில் வந்த உபாதையில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் மாத்திரையிலும் வந்தது. உளைவு பொய்யல்ல, எதிர்பார்ப்பு அதை உண்டாக்கியது. உங்கள் நெஞ்சிறுக்கமும் படபடப்பும் அந்த வகையாக இருக்கலாம். நடிப்பு என்று யாரும் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒரு ஈசிஜி எடுத்து இதயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்கு அமுக்குவது

ஊரில் ‘பேய் அமுக்குது’ என்று சொல்வது இதைத்தான். கனவு வரும் நித்திரைக் கட்டத்தில், கனவில் ஓடும்போது நிஜத்தில் ஓடாமலிருக்க மூளை தசைகளைப் பூட்டி வைக்கும். அந்தக் கட்டம் விடியப்புறத்தில்தான் கூடுதலாக வரும். பூட்டுத் திறக்கும் முன் அறிவு விழித்துவிட்டால், கண் திறந்திருக்கும், கைகால் அசையாது, மூச்சு முட்டுவதுபோல் இருக்கும், கனவின் மிச்சம் ஆள் உருவமாகத் தெரியும். சில விநாடிகளில், கூடினால் சில நிமிடங்களில் தானாக விடும். நித்திரைக் கடன் இருக்கும்போதும் மல்லாந்து படுக்கும்போதும் அதிகம் வரும்.

ஆகவே ஒரு பக்கமாகச் சரிந்து படுங்கள். வந்தால் எழும்பப் போராடாமல் கால் பெருவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள், மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு தேத்தண்ணி, கோப்பி வேண்டாம். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்கு எழும்புங்கள், நித்திரை வராத நாளிலும். படுக்குமுன் ஐந்து நிமிடம், நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுங்கள். இரண்டு வாரத்தில் மாற்றமில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். வைத்தியசாலை உளநல கிளினிக்குக்குப் போவதால் யாரும் ‘விசர்’ ஆகிவிடுவதில்லை. உங்கள் கடிதத்தில் மனச்சோர்வின் அறிகுறிகள் பல இருக்கின்றன, அதற்கு மருந்தும் உளவளத்துணையும் உண்டு.

ஒவ்வொன்றுக்கும் அதனதன் காரணம்

கடை பூட்டிய வருடம் 2022 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சித்திரையில் நாடே கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தது, புரட்டாதியில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்த மாதங்களில், படகு இயந்திரப் பாகம் விற்கும் கடைக்கு யார் வருவார்கள்? அந்தச் சாபம் உங்கள் படலைக்கு மட்டும் வரவில்லை.

கணவரின் விபத்தை நீங்களே ஒன்றரை வரியில் விளக்கிவிட்டீர்கள். மாரி மழை, இருட்டு, நிலாவெளிப் பக்கத் தெருவில் படுத்திருந்த மாடு.

கர்ப்பம் கலைந்ததைப் பற்றித்தான் அதிகம் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கேதான் மருத்துவம் செய்யவேண்டிய இடத்தில் மந்திரம் நின்றிருக்கிறது. தெரியவந்த கர்ப்பங்களில் 100 இல் 10 முதல் 20 வரை கலைகின்றன. தொடக்க வாரங்களில் கலைவதில் ஏறத்தாழப் பாதிக்கு, கருவின் நிறமூர்த்தங்களின் (குரோமோசோம்) எண்ணிக்கையில் நேரும் பிழை காரணம். தாய் பாரம் தூக்கியதோ, அழுததோ, யாரும் திட்டியதோ அல்ல. ஆனால் இரண்டு தரம் கலைந்த பிறகு தேடிப் பார்க்கவேண்டிய காரணங்கள் சில உண்டு: தைரொய்ட், சீனி, கருப்பையின் அமைப்பு, இரத்தத்தை உறையவைக்கும் ஒருவகைப் பிறபொருளெதிரிகள். இந்தக் கடைசிப் பரிசோதனையை 12 வார இடைவெளியில் இரண்டு தரம் செய்யவேண்டும். அது இருந்தால் அடுத்த கர்ப்பத்தில் சிறிய அளவு அஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுத்துப் பிள்ளையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தால் அதுவும் நல்ல செய்திதான். இரண்டு தரம் கலைந்தவர்களில் பெரும்பாலானோர் அடுத்த தரம் பிள்ளை பெறுகிறார்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, கர்ப்பம் தரிக்க முன்பே ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்குங்கள். பெண்நோயியல் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள்.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில் இரண்டு விஷயம் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். 2023 இல் தம்பிக்கு அரசாங்க நியமனம் வந்தது. மகளுக்கு டெங்கு வந்து ஆபத்தான கட்டம் வரை போய்த் தப்பினாள். இவை சாபக் கணக்கில் சேரவில்லை. ஒரு சொல் மனதில் பதிந்துவிட்டால், மனம் அதற்குப் பொருந்துவதை எடுத்து அடுக்கும், பொருந்தாததை விட்டுவிடும். மூன்றரை வருடத்தில், ஒரு கூட்டுக்குடும்பத்தில், எந்தத் துன்பமும் வராமல் இருந்திருந்தால்தான் அது அதிசயம்.

ஆனாலும் ஏன் நம்புகிறோம்?

அறிவில்லாததால் அல்ல. ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களிடையே 1920களில் வாழ்ந்து ஆய்வு செய்த இவான்ஸ் பிரிச்சர்ட் என்ற மானிடவியலாளர் ஒன்றைக் கவனித்தார். தானியக் கொட்டில் சரிந்து கீழே இருந்தவர்கள் காயப்பட்டால், தூணைக் கறையான் தின்றது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இவர்கள் இருந்த அந்த நேரத்தில் ஏன் சரிந்தது என்பதற்குத்தான் சூனியத்தைச் சொன்னார்கள். நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள். “எப்படி” என்றல்ல, “ஏன் எனக்கு” என்று. 2004 மார்கழியில் கடல் எடுத்தவர்களையும் யுத்தத்தில் போனவர்களையும் காணாமல் ஆக்கப்பட்டவர்களையும் கொண்ட மாவட்டம் இது. ‘ஏன் எனக்கு’ என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லாத வீடுகள் இங்கே அதிகம். சாபம் அந்தக் கேள்விக்கு ஒரு முகத்தையும் பெயரையும் கொடுக்கிறது. ஒன்றும் தெரியாமல் இருப்பதைவிட அது தாங்கக்கூடியதாக இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. மண் வாரித் தூற்றுகிறவர் யார் என்று பாருங்கள். காசும் ஆள்பலமும் உள்ளவர் வழக்குப் போடுவார், பொலிசுக்குப் போவார். ஒன்றுமில்லாதவர்தான் கூந்தலை அவிழ்ப்பார். ‘ஏழை அழுத கண்ணீர் கூரிய வாளை ஒக்கும்’ என்று சொல்லி, பலமுள்ளவரைக் கொஞ்சம் பயப்படவைத்து வந்த சமூகம் நம்முடையது. சாபம் என்பது கேட்பாரில்லாதவரின் முறைப்பாடு. உங்கள் மச்சாள் தூற்றிய மண்ணில் மந்திரம் இல்லை, முறைப்பாடு இருக்கிறது. அதைக் கேட்காமல் தகடு தோண்டியதுதான் உங்கள் வீட்டில் நடந்த பெரிய பிழை என்று நினைக்கிறேன்.

வளவு யாருடையது?

அது மாமியாரின் சீதன வளவு, அவர் மரணசாதனம் எழுதாமல் இறந்தார் என்கிறீர்கள். அப்படியென்றால் இலங்கையின் பொதுச் சட்டப்படி பாதி கணவனுக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் வித்தியாசமின்றி. இரண்டே பிள்ளைகள் என்பதால் உங்கள் மச்சாளுக்குக் கால் பங்கு ஏற்கெனவே இருந்திருக்கலாம். தன்னுடையதல்லாத பங்கை மாமனாரால் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. குடும்பப் பூர்வீகத்தைப் பொறுத்துத் தேசவழமை (வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டம்) பொருந்துமா என்பதையும் பழைய சீதன உறுதியின் வாசகத்தையும் ஒரு சட்டத்தரணி பார்க்கவேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாகப் பார்க்கும். பேசித் தீர்க்க மத்தியஸ்த சபை இருக்கிறது, அங்கே சட்டத்தரணி வைத்து வாதாடத் தேவையில்லை.

போய்க் காலில் விழவா என்று கேட்டீர்கள். வேண்டாம். “சாபத்தை எடுங்கோ” என்று போனால் அவரைச் சூனியக்காரி ஆக்குகிறீர்கள், அடுத்த காய்ச்சலுக்கும் அவரையே பார்ப்பீர்கள். கணவர் முதலில் போகட்டும், இருவரும் மதிக்கும் ஒரு பெரியவரோடு. “அக்கா, அம்மாவின்ர வளவில உங்கட பங்கைப் பற்றிக் கதைக்க வந்தனான்” என்று தொடங்கட்டும். மாந்திரீகர் சொன்ன எதையும் அங்கே எடுக்கக் கூடாது. அவர் முதல் நாள் கதவைச் சாத்தினாலும் சாத்துவார். இன்னொரு நாள் போகவேண்டும். கிழக்கில் வைகாசியில் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி செய்கிறோம். அநியாயத்தால் எரிந்த பெண்ணின் கோபத்தை எதிர்மந்திரத்தால் கட்டுவதில்லை, அவளுக்குரியதைச் செய்து குளிர வைக்கிறோம். அந்த வழக்கம் உங்கள் வீட்டுக்கும் பொருந்தும்.

300,000 ரூபா

கொடுக்காதீர்கள். ஒரு சதமும். கடலோர உவர்மண்ணில் மூன்று வருடம் கிடந்த செம்பு பச்சை பூத்து, எழுத்து மங்கியிருக்கவேண்டும். உங்களுக்குக் காட்டியது ‘பளபளவென்று’ இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தோண்டியது அவருடைய ஆள், தோண்டச் சொன்ன இடம் அவர் சொன்ன இடம். தேசிக்காய் வெட்டும்போது இரத்தம் வந்தது என்கிறீர்களே, கத்தியில் செவ்வரத்தம்பூவைத் தேய்த்துக் காயவைத்தால் புளி பட்டதும் சிவக்கும். வீட்டில் செய்து பாருங்கள். தானாகப் பற்றும் தீக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேற்றும் கிளிசரினும் போதும். ‘வளவில் ஒரு மரம் வெட்டப்பட்டிருக்கு, உறவில் ஒரு பெண் கண்ணீர் விட்டிருக்கு’ என்பது எந்த வீட்டுக்குத்தான் பொருந்தாது?

முதலில் சிறிய தொகை, பிறகு ஒரு சான்று, பிறகு பெரிய தொகையும் தவணை நாளும், கடைசியில் பிள்ளையின் பெயர். இந்த ஒழுங்கு மோசடிகளில் மாறுவதில்லை. பௌர்ணமி இரவு தனியே வரச் சொன்னது அதைவிட ஆபத்தானது. எந்தக் காரணத்துக்கும் போகாதீர்கள். அவருடைய குரல்பதிவுகளையும் காசு அனுப்பிய பற்றுச்சீட்டையும் தகட்டையும் பத்திரப்படுத்துங்கள். வஞ்சித்துக் காசு பறிப்பது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம், பொலிசில் முறைப்பாடு செய்யலாம். தனியே போகத் தயங்கினால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தில் வழி கேளுங்கள். காசு திரும்பி வரும் என்று உறுதி சொல்ல முடியாது. தாலிக்கொடியை அடைவு வைத்த சீட்டில் தவணைத் திகதியை மட்டும் இன்றே பாருங்கள், அது தவறினால் நகை ஏலத்துக்குப் போகும்.

கோணேசர் கோயிலுக்கோ பத்திரகாளி அம்மன் கோயிலுக்கோ போய் அர்ச்சனை செய்ய மனம் சொன்னால் தாராளமாகப் போங்கள். கோயில் உங்களை ஆறுதலோடு திருப்பி அனுப்பும். பயத்தோடு திருப்பி அனுப்பிக் காசு கேட்கும் இடம் கோயில் அல்ல.

மகளைப் பற்றி

நின்றுபோன பழக்கம் எட்டு வயதில் திரும்ப வந்தால் முதலில் சலப் பரிசோதனை: கிருமித்தொற்று, சீனி இரண்டையும் பார்க்கவேண்டும். மலச்சிக்கலும் காரணமாகலாம். அவை இல்லையென்றால், ‘அடுத்தது பெண்பிள்ளை’ என்ற வசனம் அவள் காதில் விழுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் மெல்லியது, பிள்ளைகள் நித்திரைபோல் கிடந்து கேட்பார்கள். ஏசவோ, ஈரப்பாயை மற்றவர் முன் தூக்கிக் காட்டவோ வேண்டாம். “ஒரு ஆள் பொய் சொல்லிப் பயப்படுத்திப்போட்டார், உனக்கு ஒண்டும் நடக்காது” என்று நீங்களும் கணவரும் சேர்ந்து இருந்து ஒரே வாயாகச் சொல்லுங்கள். 41 ஆம் நாளைக் கலண்டரில் குறித்து வைத்திருந்தால் அந்தத் தாளை எடுத்துவிடுங்கள். அன்று அவளைப் பள்ளிக்கு அனுப்புங்கள், மற்ற நாளைப் போலவே.

அவள் கழுத்தில் கட்டிய அச்சரக்கூட்டைக் கழற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதைக் கழற்றினால் ஒன்றும் நடக்காது. ஆனால் அவள் இப்போது அதைப் பிடித்துக்கொண்டுதான் படுக்கிறாள் என்றால் பறித்தெடுக்க வேண்டாம். நித்திரையில் கழுத்தை இறுக்கக்கூடிய நூல் என்பதால் இன்றிரவே அதை அவிழ்த்துக் கையில் தளர்வாகக் கட்டிவிடுங்கள், மற்றதை அவள் வேண்டாம் என்று சொல்லும் நாளில் பார்க்கலாம்.